நான் முகம் கழுவப் பழகிய வருஷம்

கல்யாணமான மறுநாள் விடியற்காலையில், தேயிலைத் தோட்டத்து ஆட்களை எழுப்பும் தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே என் மனைவி எழுந்துவிட்டாள். புது இடம், தூக்கம் பிடித்திருக்காது என்று நினைத்துக்கொண்டு நான் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து ஒரு சின்னச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். போனவளைக் காணவில்லையே என்று நானும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால், ஓடையிலிருந்து மூங்கிலைப் பிளந்து வைத்துத் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். அதைப் பீலி என்போம். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் லயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஒரு பீலிதான். அதன் பக்கத்தில் கிடந்த கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள். சட்டியிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. பீலித் தண்ணீரைக் கொஞ்சம் சட்டியில் கலந்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். முதலில் கைகள் இரண்டையும் கழுவினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி முகத்தில் வைத்தாள். வீசி அடிக்கவில்லை. அப்படியே ஒற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் விரல் நுனிகள் நெற்றியிலிருந்து மெல்லக் கிளம்பின. புருவம், மூக்கின் இரண்டு பக்கம், கன்னம், தாடை, காதுக்குப் பின்னால் என்று ஓர் இடத்தையும் விடவில்லை.

அதுவரை முகம் கழுவுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பீலியில் இரண்டு கை ஐஸ் தண்ணீரை அள்ளி மூஞ்சியில் அடித்து, கரித்தூளால் பல்லைத் தேய்த்து, தலைத்துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு ஓடுவது. தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். முகத்துக்கென்று ஒருவர் இத்தனை நேரம் கொடுக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலில் சாமிக்கு அபிஷேகம் செய்யும்போது எட்டிப் பார்க்கிறவனைப் போல அங்கேயே நின்றுவிட்டேன்.

அவள் முகத்தில் அம்மைத் தழும்பு இல்லாத இடம் கண்ணிமைகள் மட்டும்தான். இது எனக்கு முன்பே தெரியும். பெண் பேசப் போனபோது அவளுடைய தகப்பனார் முதல் பேச்சாக அதைத்தான் சொன்னார். பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவர்கள் குடும்பம் இருந்தது. அவள் நல்ல வேலைக்காரி, கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அவளைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அவள் பேசும்போது நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்கு மேலே, நமுனுகுலை மலையைப் பார்த்தாற்போல் இருந்தது. பதுளைக்கு ரயில் வராத காலம். பண்டாரவளையோடு தண்டவாளம் நின்றுபோயிருந்தது.

அவள் முகம் கழுவுவது சில நாட்களிலேயே லயத்துக்குள் பேச்சாகிவிட்டது. எங்கள் அறையிலிருந்து இரண்டு காம்பரா தள்ளி ஒரு பெண்பிள்ளை இருந்தாள். வாயாடி, ஆனால் கெட்டவள் அல்ல. பீலியில் குடத்தை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்த மூஞ்சிக்கு இம்புட்டுச் சீராட்டா" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவிக்கு நன்றாகவே கேட்டது. அவள் கழுவி முடித்து, துணியால் ஒற்றி எடுத்து, சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் குடம் நிறைந்து வழிகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவுதான்.

எனக்கு வேலை ஸ்டோரில். தேயிலை அரைத்துக் காய வைக்கும் கட்டடத்தைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். காய்ந்த தூளைத் தரம் தரமாகச் சலித்துப் பிரிக்கும் அறையில் நான் இருந்தேன். மழைக்கும் அட்டைக்கும் பயப்படாமல் கூரைக்குக் கீழே செய்யும் வேலை என்று மலையில் வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் மேல் பொறாமை. ஆனால் அந்த அறையின் தூசி எப்படிப்பட்டது என்பது அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும். தேயிலைக் காம்பின் மேலிருக்கும் பொன் நிறப் பஞ்சு பிரிந்து காற்றில் மிதக்கும். சன்னல் வழியாக வெயில் விழும்போது அறை முழுவதும் பொடி பொடியாக மின்னும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது எங்கள் இமை மயிரும் மீசையும் பழுத்த நிறமாகியிருக்கும். வியர்வையில் ஒட்டிய தூசி நெற்றியில் பிசினாய்க் காய்ந்திருக்கும். நான் அதை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் ஒரு காற்று வீசும். பத்தனைப் புல்வெளிகளைத் தாண்டி வரும் வறண்ட காற்று. புல்லைக் காய வைக்கும், உதட்டைப் பிளக்கும், கூரைத் தகரத்தை நாள் முழுவதும் தட்டிக்கொண்டே இருக்கும். தேயிலைக்கு மட்டும் அந்தக் காற்று நல்லது, அந்த மாதத்துத் தேயிலைக்கு மணம் அதிகம் என்பார்கள். அதனால் ஸ்டோரில் வேலையும் அதிகம். அந்த ஆடியில்தான் என் நெற்றியில் முதலில் அரிப்பு எடுத்தது.

தலைமுடி ஆரம்பிக்கும் இடத்தில் சின்னச் சின்னப் பொரிகள். சொறிந்தேன். பிறகு புருவத்தின் மேல், மூக்கோரம், கன்னம். சொறிந்த இடம் புண்ணாகி, நீர் வடிந்து, பொருக்குக் கட்டியது. பொருக்கைப் பிய்த்தால் அடியில் ரத்தம். ஆவணி கடைசியில் என் இடது கன்னம் வீங்கிப்போய், காது மடல் தடித்து, கண் பாதி மூடிக்கொண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஏதோ மஞ்சள் களிம்பு கொடுத்தார்கள். அது எரிந்தது. எரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம் என்று இன்னும் அதிகமாகப் பூசினேன்.

ஒருநாள் ஸ்டோரில் என் பக்கத்தில் நின்று சலிக்கிறவன் கொஞ்சம் தள்ளி நின்றான். மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றான். அந்தச் சொல்லை யாரும் என் முன்னால் சொல்லவில்லை. பெரிய கங்காணிதான் என்னை, காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னார். பெரிய வியாதியோ என்று ஆட்கள் பயப்படுகிறார்கள், துரை காதுக்குப் போனால் ஸ்டோரை விட்டு மட்டுமல்ல, தோட்டத்தை விட்டே போகவேண்டி வரும், அதற்கு முன்னால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வா என்றார். மனசு கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரிய வியாதி என்றால் குஷ்டம். அது கண்டவர்களைக் கொழும்புப் பக்கம் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்றும், அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை, இந்தியாவுக்கே போய்விடலாம் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து விளக்கை எடுத்து என் முகத்துக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னன்னு தெரியாம எங்கிட்டுப் போறது. போய்க் கேட்டுட்டு வரலாங்க. நானும் வர்றேன்" என்றாள்.

விடிந்ததும் புறப்பட்டோம். முகத்தைத் துண்டால் மூடிக் கண்ணை மட்டும் விட்டிருந்தேன். தோட்டத்துப் பாதை வளைந்து வளைந்து இறங்கி ஹாலிஎலவில் பெரிய ரோட்டைத் தொடும். எதிரே தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டிகள் பண்டாரவளையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. கீழே வயல்கள் படிப்படியாக ஆற்றங்கரை வரை இறங்கின. வழியில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். குடிப்பதற்காக நான் துண்டை விலக்கியதும் கடைக்காரர் கண்டுகொண்டார். எடுத்த டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு, ஒரு சிரட்டையில் தேநீரை ஊற்றி எட்ட வைத்தார். குடித்துவிட்டு அதை வீசிவிடலாம் அல்லவா. என் மனைவி தன் முன்னால் வைத்த டம்ளரை மெதுவாக நகர்த்தினாள்.

"எனக்கும் செரட்டையிலயே குடுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் சீனி போடுங்கள் என்று கேட்பது மாதிரிதான் சொன்னாள். இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்து சிரட்டையில் குடித்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் யார், எங்கிருந்து எனக்குக் கிடைத்தாள் என்று அன்றைக்கு அந்த ரோட்டோரத்தில் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் முகத்தைத் தொட்டுத் திருப்பினார். அவர் தொட்டதே எனக்கு ஆச்சரியம். கண்ணை மூடச் சொல்லி ஓர் இறகால் கன்னத்தைத் தடவினார். எங்கே படுகிறது என்று கேட்டார், காட்டினேன். பிறகு ஊசி முனையால் ஒவ்வோர் இடமாகக் குத்தினார்.

"நோகுதோ?"

"வலிக்குதுங்க."

"இஞ்ச?"

"அங்கயும் வலிக்குதுங்க."

காது மடல், புருவம், வீங்கிய கன்னம் என்று எங்கே குத்தினாலும் வலித்தது. பெரிய வியாதி வந்த இடம் மரத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு குத்தும் வலிக்க வலிக்க எனக்குள் ஏதோ ஒன்று பொங்கி வந்தது. வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்தோ என்னவோ டாக்டர் ஊசியை வைத்துவிட்டார்.

அது இல்லை என்று சொன்னார். தூசியும் வியர்வையும் தோலில் ஊறி, அழுக்கு நகத்தால் சொறிந்ததால் புண் புரையோடியிருக்கிறது என்றார். புண்ணுக்கு ஒரு வெள்ளைக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்த மஞ்சள் களிம்பைத் தூக்கிப் போடச் சொன்னார். தினமும் முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள், கையை வைக்காதே என்றார். எப்படிச் சுத்தமாக வைப்பது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சுத்தம்தானே, அதற்கென்ன என்று நான் நினைத்தேன். பதுளைக் கடைத்தெருவில் ஒரு சவுக்காரக் கட்டி வாங்கினோம். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், மனைவி எதற்கென்று விளக்கிச் சொன்னதும், விற்காமல் கிடந்த மெல்லிய மல் துணித் துண்டுகளைக் கட்டிக் கொடுத்தார். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், நாலைந்து முறை அலசிவிட்டுப் பாவியுங்கள் என்றும் சொன்னார். நல்ல மனுஷர்.

வீட்டுக்கு வந்ததும் வெறி பிடித்தவன் மாதிரி கழுவ ஆரம்பித்தேன். காலையில், மத்தியானம், சாயங்காலம், நினைத்தபோதெல்லாம் பீலிக்கு ஓடினேன். சவுக்காரத்தை முகத்திலேயே வைத்து உரசினேன். அந்த அழுக்கையும் அந்தச் சொல்லையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிடவேண்டும் போலிருந்தது. சில நாட்களில் முகத்தோல் மேளத்தோல் மாதிரி இறுகிவிட்டது. சிரித்தால் வெடித்தது. காற்றில் போனால் வெடித்த இடமெல்லாம் எரிந்தது.

மனைவி சவுக்காரத்தை எடுத்து ஒளித்துவைத்தாள். தான் தலை முழுகும்போது தேய்க்கும் பயத்தமாவைக் குழைத்துக் கொடுத்தாள். அதிலும் ஒன்றும் சரிவரவில்லை. மாவிலிருந்த குருணை புண்ணைக் கிளறி விட்டது. மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்கல. நான் கேக்காம செஞ்சுட்டேன்" என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் ஆரம்பித்தோம். கொதித்து ஆறிய தண்ணீர், அவள் மணிக்கட்டில் விட்டுப் பார்க்கும் அந்தச் சூட்டில். ஐஸ் மாதிரி இருக்கும் பீலித் தண்ணீரும் கூடாது, சுடு தண்ணீரும் கூடாது. என் கை சும்மா இருக்காது, பொருக்கைத் தொட்டதும் பிய்க்கத் தோன்றும் என்பதால் முதல் நாட்களில் அவளே கழுவிவிட்டாள். நான் அந்தக் கல்லில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொள்வேன். நனைத்த துணியைப் புண்ணின் மேல் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். பொருக்கு தானாக ஊறி, தானாகக் கழன்று வரும். வராததை விட்டுவிடுவாள்.

கண்ணை மூடியிருக்கும்போது மற்றதெல்லாம் துல்லியமாகக் கேட்கும். பீலி விழும் சத்தம், தூரத்து லயத்தில் ஒரு குழந்தையின் அழுகை, மலைச்சரிவில் இறங்கும் காற்று. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. அந்த விரல்கள் என் முகத்தில் படுவதே தெரியாது. தண்ணீர் தானாக நடந்து போவது போலிருக்கும். பெற்ற தாய்கூட எனக்கு அப்படிக் கழுவிவிட்டதாக ஞாபகம் இல்லை. தாய்க்கும் நேரம் இருந்திருக்காது.

அப்படி ஒரு காலையில், அவள் எங்கே இதைப் பழகினாள் என்று கேட்டேன். ஒரு கணம் கை நின்றது. பிறகு கழுவிக்கொண்டே சொன்னாள். கடல் தாண்டி இங்கே வருவதற்கு முன்னால், அவர்கள் ஊரில், அவளுக்கும் தங்கைக்கும் ஒரே சமயத்தில் அம்மை கண்டது. இருவரையும் ஒரே பாயில் வாழையிலையைப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் முழுக்க முத்து. கண் திறக்க முடியவில்லை. முகத்தை யாரும் தொடக்கூடாது, தானும் தொடக்கூடாது. வேப்பிலையால் வீசுவது மட்டும்தான். முகம் என்று ஒன்று இருந்த இடத்தில் நெருப்புதான் இருந்தது என்றாள். அம்மை இறங்கிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்துச் சூடேறிய, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர்.

"அந்தத் தண்ணி மூஞ்சில விழுந்தப்பதாங்க எனக்கு மூஞ்சி இன்னும் இருக்குன்னே தெரிஞ்சுது. தங்கச்சிக்கு அந்தத் தண்ணி ஊத்தல. அதுக்கு முன்னாடியே போயிட்டா."

துணியைப் பிழிந்தாள். மறுபடி நனைத்து என் நெற்றியில் வைத்தாள்.

"மூஞ்சி எப்படி இருந்தா என்னங்க. இருக்குல்ல. அதான் கழுவுறேன்."

கண்ணைத் திறந்தபோது சூரியன் இன்னும் மேலே வரவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் பால் மாதிரி நிறைந்து கிடந்தது. நமுனுகுலை உச்சியில் மட்டும் வெளிச்சம் பட்டிருந்தது. அந்த வெளிச்சம் அவள் முகத்திலும் லேசாக விழுந்தது. ஈரத்தில் ஒவ்வொரு தழும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் மலையையும் ஒரு மனுஷியின் முகத்தையும் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது.

வெறும் தண்ணீரில் புண்கள் அடங்க ஆரம்பித்தன. அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். காலையில் தண்ணீர் மட்டும். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் மட்டும் சவுக்காரம், அதுவும் உள்ளங்கையில் நுரைத்து, நுரையை மட்டும் முகத்தில் வைத்து, வழுவழுப்பு போகும்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. துடைப்பது கிடையாது, மல் துணியால் ஒற்றுவதோடு சரி. எனக்கொரு துணி, அவளுக்கொரு துணி. இரண்டையும் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே ஒரு சட்டியில் கொதிக்கவைத்து வெயிலில் போடுவாள். காற்றுக் காலத்தில் முகத்தில் ஈரம் காய்வதற்கு முன்னால் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து வெடித்த இடத்தில் மட்டும் தொட்டு வைப்பது.

நெற்றிப் பொரிகள் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தன. அதன் காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை. அந்தக் காலத்தில் தலைக்கு எண்ணெய் வைப்பதென்றால் வழிய வழிய வைப்பேன். அப்போது என்னை ஸ்டோரிலிருந்து மலை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ஒருநாள் மண்வெட்டி வேலையில் குனிந்து நிமிரும்போது நெற்றியில் எண்ணெய் வழிந்து இறங்குவது தெரிந்தது. பொரிகளும் சரியாக அந்தக் கோட்டில்தான் இருந்தன. ஸ்டோரில் அந்த எண்ணெயில்தான் தூசி போய் ஒட்டியிருக்கிறது. எண்ணெயைக் குறைத்துக்கொண்டு, நெற்றியைச் சுற்றித் துண்டு கட்ட ஆரம்பித்தேன். மனைவியிடம் சொன்னபோது என் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எனக்குத் தோணவே இல்லங்க" என்றாள்.

அந்த மாதங்களில் பெரிய கங்காணி என்னை ஸ்டோருக்குள் விடவில்லை. டாக்டர் சொன்னதை நம்பினார், ஆனாலும் ஆட்களின் பயம் அடங்கட்டும் என்று மலையில் வேலை கொடுத்தார். மழைக்காலம் வந்தது. ஐப்பசி மழை எங்கள் பக்கம் விடாமல் பெய்யும். நனைந்து நனைந்து வேலை செய்துவிட்டு வந்தாலும், அலுப்பில் படுத்துவிடலாம் என்று உடம்பு கெஞ்சினாலும், சாயங்காலம் அந்தச் சட்டி அடுப்பில் இருக்கும். நான் ஒருநாள் இன்றைக்கு வேண்டாமே என்றேன். சரி என்று தன் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அந்தப் புத்துணர்ச்சியைப் பார்த்ததும் நான் பேசாமல் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தேன். வற்புறுத்தியிருந்தால் போயிருக்கமாட்டேன்.

கார்த்திகை விளக்கு வைக்கிற சமயத்தில் கடைசிப் பொருக்கும் உதிர்ந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். குழந்தையின் உள்ளங்கால் மாதிரி மெத்தென்று இருந்தது. நானே என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எந்த மருந்துக்கும் அடங்காது என்று நினைத்தது, தண்ணீருக்கும் பொறுமைக்கும் அடங்கிவிட்டதே என்று நம்பவே முடியவில்லை. யாரும் சொல்லாமலேயே உடம்பு தன்னைத்தானே மறுபடி செய்துகொள்கிறது. நாம் செய்யவேண்டியது அதற்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

தை பிறந்ததும் மறுபடி ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா என்னைச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டார். முகம் கழுவினேன் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார். பிறகு முழுக்கச் சொன்னேன். வாசலில் ஒரு மரத்தொட்டியில் தண்ணீர் வைத்தால் ஆட்கள் வீட்டுக்குப் போகும் முன்பே தூசியைக் கழுவிவிடலாம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து ஒத்துக்கொண்டார். காயவைக்கும் அடுப்பு அந்த வாசலை ஒட்டியே இருந்ததால் தொட்டித் தண்ணீர் எப்போதும் லேசான சூட்டில் இருக்கும். முதலில் தள்ளி நின்றானே, அந்த ஆள்தான் தினமும் முதலில் கழுவினான். அவன் வேறு யாருமல்ல, இரண்டு காம்பரா தள்ளியிருந்த அந்த வாயாடியின் புருஷன். அவளோ கடைசிவரை மாறவில்லை. எங்களைப் பார்த்தால், புருஷனும் பெண்டாட்டியும் மூஞ்சி கழுவியே வயசாகப்போகிறார்கள் என்று சிரிப்பாள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண்குழந்தை பிறந்தது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துக் கொடுத்ததும், என் மனைவி அதன் முகத்தை விரல் நுனியால் நெற்றியிலிருந்து தாடைவரை தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு பள்ளம் இல்லை, மேடு இல்லை. தடவிக்கொண்டே இருந்தாள்.

குழந்தை தவழும் வயதில் அம்மை குத்துகிறவர் தோட்டத்துக்கு வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் பாதிப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். பிள்ளையின் கையைக் கீறி அம்மையை உள்ளே விடுகிறான், ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்ற பயம். என் மனைவி பெரட்டுக்களத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். குழந்தையின் சட்டையைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வழக்கம்போல நேராகக் கண்ணைப் பார்த்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக் கீறினார். ஒளிந்திருந்த பெண்களில் சிலர் தேயிலைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தார்கள். ஒளிந்தவர்களில் முக்காலே மூணு வீசம் பேர் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. கீறிய இடம் கொப்புளித்துப் பொருக்குக் கட்டி, தானாக விழுந்தது. விழுந்த அன்று மனைவி சட்டியில் தண்ணீரைக் கலந்து என் முன்னால் வைத்து, "இன்னிக்கு நீங்க கழுவிவிடுங்க" என்றாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என் கைகளை முதலில் கழுவி, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி அந்தச் சின்ன முகத்தில் வைத்தேன். குழந்தை வீறிட்டு அழ வாயைத் திறந்தது. ஆனால் அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை இன்னும் கொஞ்சம் தண்ணீரின் பக்கமாக நீட்டியது.